மின்சாரக் காரா, பெட்ரோல் காரா? சிங்கப்பூரில் ஓட்டும் செலவைக் கணக்குப் போடும் முழுமையான வழிகாட்டி

மின்சாரக் கார் வாங்கினால் செலவு மிச்சமாகுமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டிக்கு எங்கே சார்ஜ் போடப் போகிறீர்கள்? தரைவீட்டு வாசலிலா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்திலா, அல்லது வேலை முடிந்து வரும் வழியில் ஏதாவது ஒரு கடைத்தொகுதியின் அதிவேக சார்ஜரிலா? அதே கார், அதே ஓட்டுநர், அதே சாலை. ஆனால் இந்த மூன்று பதில்களுக்கும் ஆண்டுச் செலவில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம் வருகிறது. விற்பனைக் கூடத்தில் இதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறேன். என் எண்களை அழித்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. கடைசி இரண்டு மூன்று பெட்ரோல் ரசீதுகள், வீட்டு மின்கட்டண ரசீது, உங்கள் கார் ஓடிய கிலோமீட்டர் கணக்கு, கைப்பேசியில் ஒரு கால்குலேட்டர். அவ்வளவுதான்.

படி 1: எது ஓட்டும் செலவு, எது வாங்கும் செலவு?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதங்கள் முடிவில்லாமல் போகின்றன. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்), கூடுதல் பதிவுக் கட்டணம், தள்ளுபடிகள், பத்தாண்டு முடிவில் கைக்கு வரும் தொகை எல்லாம் வாங்கும் செலவு. அதைக் கடைசியில் பார்ப்போம். ஓட்டும் செலவு என்பது எரிபொருள் அல்லது மின்சாரம், சாலை வரி, சர்வீஸ், டயர், காப்பீடு.

ஈஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணமும் சீசன் பார்க்கிங்கும் இரண்டு வகைக் கார்களுக்கும் ஒன்றுதான். மின்சாரக் காருக்கு ஈஆர்பியில் சலுகை எதுவும் கிடையாது. அதனால் அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 2: வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

இதை மனக்கணக்காகச் சொல்லாதீர்கள். பெரும்பாலானோர் தாங்கள் ஓட்டுவதைவிட அதிகமாகவே சொல்கிறார்கள். காரின் ஓடோமீட்டர் எண்ணை, கார் பதிவானதிலிருந்து ஆன மாதங்களால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்குங்கள். முதல் கார் என்றால், வீட்டிலிருந்து வேலைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரைபடத்தில் பார்த்து, வேலை நாட்களால் பெருக்கி, வார இறுதிக்குக் கொஞ்சம் சேருங்கள். ஈசூனிலிருந்து துவாசுக்குப் போய் வருபவரும் செங்காங்கிலிருந்து தோ பாயோவுக்குப் போய் வருபவரும் ஒரே எண்ணைப் போட முடியாது.

இந்த வழிகாட்டியில் 15,000 கிலோமீட்டரை எடுத்துக்கொள்கிறேன்.

படி 3: பெட்ரோல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

பெட்ரோல் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் விலையைச் சிங்கப்பூரில் அப்படியே கொடுப்பவர்கள் குறைவு. உறுப்பினர் சலுகை, வங்கி அட்டைச் சலுகை எல்லாம் கழித்த பிறகு ரசீதின் கடைசி வரியில் இருப்பதுதான் உங்கள் விலை. அந்தத் தொகையை லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சில அட்டைகளில் மாதத்துக்கு இவ்வளவு செலவழித்தால்தான் முழுச் சலுகை கிடைக்கும். அந்த மாதம் வரம்பை எட்டாவிட்டால், நீங்கள் நினைத்திருந்த விலை வேறு, கொடுத்த விலை வேறு.

கணக்குக்காக, 95 ரகப் பெட்ரோலுக்குச் சலுகைகள் போக லிட்டருக்கு 2.40 வெள்ளி எனக் கொள்வோம்.

அடுத்தது, கார் எவ்வளவு குடிக்கிறது என்பது. விளம்பரத் தாளில் இருக்கும் எண் நம் சாலைக்கு ஒத்துவராது. டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, வழக்கம்போல் ஓட்டி, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை போட்ட லிட்டரை, ஓடிய கிலோமீட்டரால் வகுத்து நூறால் பெருக்கினால் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். 1.6 லிட்டர் சாதாரண செடான் ஒன்றுக்கு 7 லிட்டர் என்பது நியாயமான எண். பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் நல்ல ஹைபிரிட் காருக்கு 4.5 என்று போடலாம்.

பெட்ரோல் கார்: 7 × 2.40 = நூறு கிலோமீட்டருக்கு 16.80 வெள்ளி. கிலோமீட்டருக்கு 16.8 காசு.

ஹைபிரிட்: 4.5 × 2.40 = 10.80 வெள்ளி. கிலோமீட்டருக்கு 10.8 காசு.

15,000 கிலோமீட்டருக்கு முதலாவது 2,520 வெள்ளி, இரண்டாவது 1,620 வெள்ளி. ஹைபிரிட்டை ஏன் உள்ளே கொண்டுவருகிறேன் என்பது ஆறாவது படியில் புரியும்.

படி 4: மின்சாரக் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

இந்தப் படியைத்தான் பலர் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். நிதானமாகப் பாருங்கள்.

மின்சாரம் அளக்கப்படுவது கிலோவாட் மணியில். பேச்சு வழக்கில் யூனிட். நடுத்தர அளவு மின்சாரக் கார் ஒன்று நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் செலவழிப்பதாகத் திரையில் காட்டும். ஆனால் அது பேட்டரியிலிருந்து வெளியே போன கணக்கு. சுவரிலிருந்து பேட்டரிக்குள் போகும்போதே ஒரு பகுதி வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. மெதுவான ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜரில் பத்து விழுக்காட்டை ஒட்டிய இழப்பை எதிர்பார்க்கலாம், அந்த இழப்பும் உங்கள் பில்லில்தான் ஏறும். ஆகவே 16 என்பதை 17.5 ஆக எடுத்துக்கொள்ளுங்கள். 15,000 கிலோமீட்டருக்கு 2,625 யூனிட்.

நம் ஊர் வானிலை மின்சாரக் காருக்குச் சாதகம். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பேட்டரியின் தூரம் சுருங்கும். இங்கே அந்தக் கவலை இல்லை. குளிரூட்டி ஆண்டு முழுக்க ஓடுவது உண்மை, ஆனால் அது இழுப்பது மணிக்கு ஒரு யூனிட் அளவில்தான். மத்திய விரைவுச்சாலை மாலை நெரிசலில் நின்று நின்று போகும்போது பெட்ரோல் இயந்திரம் சும்மா நின்றாலும் எரித்துக்கொண்டே இருக்கும். மின்சாரக் காரோ, பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தைத் திரும்பப் பேட்டரிக்குள் போட்டுக்கொள்ளும். பியட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு வெளியே பிள்ளையைக் கூப்பிடக் காத்திருக்கும் பெற்றோருக்கு இன்னொரு வசதியும் உண்டு. நிறுத்திய வண்டியில் இயந்திரத்தை ஓடவிடுவது இங்கே குற்றம், அதனால் பெட்ரோல் காரில் குளிரூட்டியை அணைத்துவிட்டு வியர்க்க வேண்டும். ஓடவிட இயந்திரமே இல்லாத காரில் குளிரூட்டி பாட்டுக்கு ஓடும்.

சரி, விலைக்கு வருவோம்.

வீட்டில் சார்ஜ் போட்டால்: எஸ்பி குழுமத்தின் வீட்டு மின்கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். பொருள் சேவை வரியோடு சேர்த்து யூனிட்டுக்கு 30 காசு எனக் கொள்வோம். உங்கள் ரசீதில் இருக்கும் எண்ணைப் போடுங்கள். திறந்த மின்சாரச் சந்தையில் வேறு விற்பனையாளரிடம் திட்டம் எடுத்திருந்தால் அந்த விலை. 17.5 × 0.30 = 5.25 வெள்ளி. கிலோமீட்டருக்கு 5.25 காசு. ஆண்டுக்கு 788 வெள்ளி.

இதில் மறக்கக்கூடாத ஒன்று, சார்ஜரைப் பொருத்தும் செலவு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற கருவியாக இருக்க வேண்டும், உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும், பதிவு செய்யவும் வேண்டும். எல்லாம் சேர்ந்து 2,000 வெள்ளி ஆனால், பத்தாண்டுக்குப் பிரித்து வருடத்துக்கு 200 வெள்ளி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வீவக கார் நிறுத்துமிடத்தில்: ஏசி சார்ஜர்களில் யூனிட்டுக்கு 60 காசை ஒட்டிய விலையைக் காணலாம். நிறுவனத்துக்கு நிறுவனம், சில இடங்களில் நேரத்துக்கு நேரம் மாறும். 17.5 × 0.60 = 10.50 வெள்ளி. கிலோமீட்டருக்கு 10.5 காசு. ஆண்டுக்கு 1,575 வெள்ளி.

அதிவேக டிசி (நேர்மின்னோட்ட) சார்ஜரில் மட்டும்: 75 காசு என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 13 காசுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 1,969 வெள்ளி.

ஹைபிரிட் காருக்கு வந்த 10.8 காசையும் வீவக சார்ஜருக்கு வந்த 10.5 காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றுதான். பெட்ரோலைவிட மின்சாரம் பாதி விலை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது, வீட்டில் சார்ஜ் போடுபவர்களுக்கு மட்டுமே பொருந்துகிற பேச்சு.

கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகம் எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, விலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது வீவக விலைக்கு அருகிலும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம்.

சார்ஜர் விலைக்கு மேல் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது: அந்த இடத்தில் வண்டியை நிறுத்துவதற்கான கட்டணம். உங்கள் சீசன் பார்க்கிங் செல்லுபடியாகும் இடத்திலேயே சார்ஜர் இருந்தால் தனியாக எதுவும் இல்லை. பக்கத்துப் பேட்டையில் இருக்கும் கார் நிறுத்துமிடத்துக்குப் போனால், அரை மணிக்கு 60 காசு ஓடும். 60 யூனிட் பேட்டரியில் 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்ற, இழப்பைச் சேர்க்காமலே 36 யூனிட் வேண்டும். 7.4 கிலோவாட் சார்ஜரில் அதற்கு ஐந்து மணி நேரம். மின்சாரத்துக்கு 21.60 வெள்ளி, பார்க்கிங்குக்கு 6 வெள்ளி, மொத்தம் 27.60. யூனிட் விலை 60 காசிலிருந்து 77 காசாகிவிட்டது! அதிவேக சார்ஜரையே பயன்படுத்தியிருக்கலாம். சார்ஜ் ஏறி முடிந்த பிறகும் வண்டியை எடுக்காவிட்டால் சில நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம் போடும். இரவு பதினொரு மணிக்குச் செருகிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் செயலியில் அந்த விதியைப் படித்துவிட்டுத் தூங்குங்கள்.

படி 5: சாலை வரி

மின்சாரக் காரின் சாதகத்தில் கணிசமான பங்கு கரைவது இங்கேதான்.

பெட்ரோல் காருக்குச் சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. 1,598 சிசி காருக்கு ஆண்டுக்கு 742 வெள்ளி. 1.8 லிட்டர் ஹைபிரிட்டுக்குச் சுமார் 975. இரண்டு லிட்டர் காருக்கு 1,210 வரை.

மின்சாரக் காருக்கு மோட்டாரின் சக்தியைப் பொறுத்தது. 30 முதல் 230 கிலோவாட் வரையிலான கார்களுக்கு ஆறு மாதக் கணக்கு இப்படி: கிலோவாட்டிலிருந்து 30 ஐக் கழியுங்கள், 3.75 ஆல் பெருக்குங்கள், 250 ஐக் கூட்டுங்கள், 0.782 ஆல் பெருக்குங்கள். 110 கிலோவாட் கார் என்றால் 80 × 3.75 = 300. கூட்டினால் 550. பெருக்கினால் 430.10 வெள்ளி. இதோடு ஆறு மாதத்துக்கு 350 வெள்ளி நிலையான கூடுதல் தொகை. மொத்தம் 780.10, ஆண்டுக்கு 1,560 வெள்ளி. 150 கிலோவாட் கார் என்றால் 1,795 வெள்ளி.

110 என்ற எண் தற்செயலாக வந்ததல்ல. மின்சாரக் கார்கள், சக்தி குறைந்த கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇயில் வருவதற்கான உச்சவரம்பு அதுதான். அதனால்தான் பல மாடல்கள் அந்த வரம்புக்குள் சக்தியைக் குறைத்து இங்கே விற்கப்படுகின்றன. ஒரே மாடல் இரண்டு சக்திகளில் கிடைத்தால், குறைந்ததை எடுப்பவருக்குச் சாலை வரியிலும் மிச்சம்.

ஆண்டுக்கு 700 வெள்ளி வரும் அந்தக் கூடுதல் தொகை ஏன்? பெட்ரோலில் தீர்வை ஒளிந்திருக்கிறது: 2021 முதல் 95 ரகத்துக்கு லிட்டருக்கு 66 காசு. மின்சாரக் கார் பெட்ரோல் போடாததால், அதற்கு ஈடாக இதை வசூலிக்கிறார்கள். நம் 7 லிட்டர் கார் 15,000 கிலோமீட்டருக்கு 1,050 லிட்டர் குடிக்கும். அதில் தீர்வை மட்டும் 693 வெள்ளி. ஏறத்தாழ அதே 700! ஆனால் பெட்ரோல்காரர் ஓட்டிய அளவுக்குக் கட்டுகிறார். மின்சாரக் கார்க்காரர் வண்டியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முழுத் தொகையையும் கட்டுகிறார். சனி ஞாயிறு மட்டும் தேக்காவுக்கும் கோயிலுக்கும் வண்டியை எடுக்கும் குடும்பத்துக்கு இது பெரிய பாரம். ஓட்டுவது கூடக் கூட இந்தப் பாரம் குறையும்.

படி 6: கூட்டிப் பாருங்கள்

15,000 கிலோமீட்டருக்கு, எரிபொருளும் சாலை வரியும் மட்டும்:

- 1.6 லிட்டர் பெட்ரோல்: 2,520 + 742 = 3,262 வெள்ளி
- 1.8 லிட்டர் ஹைபிரிட்: 1,620 + 975 = 2,595 வெள்ளி
- மின்சாரக் கார், வீட்டு சார்ஜிங்: 788 + 1,560 = 2,348 வெள்ளி
- மின்சாரக் கார், வீவக சார்ஜிங்: 1,575 + 1,560 = 3,135 வெள்ளி
- மின்சாரக் கார், அதிவேகம் மட்டும்: 1,969 + 1,560 = 3,529 வெள்ளி

தரைவீட்டில் இருப்பவருக்குப் பெட்ரோலைவிட 914 வெள்ளி மிச்சம். சார்ஜர் பொருத்திய செலவைக் கழித்தாலும் 700 வெள்ளிக்கு மேல் நிற்கிறது. வீவக வீட்டில் இருப்பவருக்கு 127 வெள்ளி. மாதத்துக்குப் பத்து வெள்ளி சொச்சம். அதிவேக சார்ஜரையே நம்பியிருப்பவர் பெட்ரோல் காரைவிட அதிகமாகச் செலவழிக்கிறார். சத்தமில்லாமல் ஹைபிரிட் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது உங்களுக்கான எல்லைக்கோட்டைக் கண்டுபிடியுங்கள். சாலை வரி வித்தியாசத்தை, கிலோமீட்டருக்கு மிச்சமாகும் தொகையால் வகுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வித்தியாசம் 818 வெள்ளி. வீட்டு சார்ஜிங்கில் கிலோமீட்டருக்கு 11.55 காசு மிச்சம், அதனால் ஆண்டுக்குச் சுமார் 7,100 கிலோமீட்டரைத் தாண்டினாலே மின்சாரக் கார் லாபம். வீவக சார்ஜிங்கில் 6.3 காசுதான் மிச்சம், எல்லைக்கோடு ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். அதிவேகத்தில் 22,000 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். உங்கள் இரண்டாம் படி எண்ணை இதனோடு ஒப்பிட்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

விலைகள் மாறும் என்பதையும் சோதித்துப் பாருங்கள். பெட்ரோல் லிட்டருக்குப் பத்துக் காசு ஏறினால் பெட்ரோல்காரருக்கு ஆண்டுக்கு 105 வெள்ளி கூடும். வீவக சார்ஜர் யூனிட்டுக்கு ஐந்து காசு ஏறினால் மின்சாரக் கார்க்காரருக்கு 131 வெள்ளி கூடும். வீவகவில் இருப்பவரின் 127 வெள்ளி லாபத்தை அந்த ஐந்து காசு ஒரே மூச்சில் விழுங்கிவிடும். அவ்வளவு நெருக்கமான கணக்கு இது.

படி 7: சர்வீஸ், டயர், காப்பீடு

மின்சாரக் காரில் இயந்திர எண்ணெய் இல்லை, எண்ணெய் வடிகட்டி இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. குளிரூட்டி வடிகட்டி, பிரேக் திரவம், பேட்டரியைக் குளிர்விக்கும் திரவம், சிறிய 12 வோல்ட் பேட்டரி ஆகியவைதான் பார்க்க வேண்டியவை. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் நீண்ட நாள் உழைக்கும். சர்வீசில் மிச்சம் உண்டு, சந்தேகமில்லை.

ஆனால் பேட்டரியின் எடையும், பெடலை மிதித்த உடனே கிளம்பும் இழுவையும் டயரைச் சீக்கிரம் தேய்க்கும். காப்பீட்டிலும் மின்சாரக் காருக்குக் கூடுதலாகக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அதனால் சர்வீசில் மிச்சமாவதை முழு லாபமாக எழுதிவிடாதீர்கள். ஒரே நாளில், ஒரே ஓட்டுநர் விவரத்தோடு, இரண்டு கார்களுக்கும் மூன்று காப்பீட்டு நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். பேட்டரி சேதம் காப்பீட்டில் அடங்குமா, மலேசியாவில் வண்டி நின்றுவிட்டால் மேடை வைத்த இழுவை லாரி வருமா என்று சேர்த்துக் கேளுங்கள். மின்சாரக் காரைச் சக்கரம் உருளக் கட்டி இழுத்தால் மோட்டார் பழுதாகலாம்.

படி 8: பேட்டரி பயத்தை அளந்து பாருங்கள்

பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் மொத்தமும் போச்சே என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய. சிங்கப்பூரில் இந்தப் பயத்துக்கு இடம் குறைவு. பேட்டரிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. சிஓஇ 10 ஆண்டு. உத்தரவாதம் முடிந்து சிஓஇ முடியும் வரை இடையில் இருப்பது இரண்டே ஆண்டு. பத்தாண்டில் வண்டியைக் கொடுத்துவிடப் போகிறவர் பேட்டரி மாற்றும் செலவை வருடாந்தரக் கணக்கில் போட வேண்டியதில்லை. சிஓஇயைப் புதுப்பித்து மேலும் ஓட்ட நினைப்பவரும், ஏழு எட்டு ஆண்டு ஓடிய மின்சாரக் காரைப் பழைய சந்தையில் வாங்குபவரும்தான் கவலைப்பட வேண்டும். அவர்கள் வாங்கும் முன் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தனியார் வாடகை ஓட்டுநருக்கும் கிலோமீட்டர் வரம்பு முக்கியம்: ஆண்டுக்கு 50,000 ஓட்டினால் 160,000 மூன்றே கால் ஆண்டில் முடிந்துவிடும். வாடகைப் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 9: ஜொகூருக்கு அடிக்கடி போகிறீர்களா?

போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். மலேசியாவில் வெளிநாட்டு வண்டிகளுக்கு 95 ரகம் போட அனுமதியில்லை, 97 ரகம் போடலாம். 2025-ல் அது லிட்டருக்கு மூன்று ரிங்கிட்டைச் சற்றுத் தாண்டி இருந்தது. நம் காசில் ஏறத்தாழ ஒரு வெள்ளி. அந்த விலையில் 7 லிட்டர் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 காசுதான், வீவக சார்ஜரைவிடக் குறைவு. ஆனால் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது டேங்க்கில் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே. அதனால் ஒருநாள் பயணத்தில் கால் டேங்க்கும் வழியில் எரிந்ததும்தான் மலிவு விலையில் கிடைக்கும். வாரம் தவறாமல் போகிறவருக்கு அது கணிசம். பள்ளி விடுமுறைக்கு மட்டும் மலாக்கா போகிறவருக்குப் பெரிதல்ல.

மின்சாரக் காருக்கு முக்கால் டேங்க் தொல்லை இல்லை. மலாக்கா வரை ஒரே சார்ஜில் போய்விடலாம், கோலாலம்பூருக்கு வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஒருமுறை நிறுத்தத் திட்டமிடுங்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்கள், எல்லோரும் ஒரே நாளில் கிளம்புவார்கள் என்பதை நினைவில் வைத்து, சார்ஜர் வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

படி 10: மூன்று வீடுகளின் கணக்கு

இதே எண்களை வைத்து மூன்று விதமான குடும்பங்களைப் பார்க்கலாம்.

ஈசூனில் நாலறை வீடு, ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர், வீவக சார்ஜர். பெட்ரோல் 2,758, மின்சாரம் 2,820, ஹைபிரிட் 2,271 வெள்ளி. இவர்களுக்கு ஓட்டும் செலவை மட்டும் பார்த்தால் ஹைபிரிட்தான். மின்சாரக் காரின் அமைதியும் இழுவையும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் மிச்சம் பிடிக்க வாங்குகிறோம் என்று வாங்க வேண்டாம்.

சிராங்கூன் கார்டன்சில் தரைவீடு, 20,000 கிலோமீட்டர். பெட்ரோல் 4,102, ஹைபிரிட் 3,135, மின்சாரம் 2,610 வெள்ளி. இங்கே யோசிக்கவே வேண்டாம், மின்சாரக் கார்தான்.

மூன்றாவது, தனியார் வாடகை கார் ஓட்டுநர். 50,000 கிலோமீட்டர், பாதி வீவக சார்ஜர், பாதி அதிவேகம். ஹைபிரிட் 6,375 வெள்ளி, மின்சாரம் 7,466 வெள்ளி. சொந்தக் காராக இருந்தால், சராசரியாக யூனிட்டுக்கு 55 காசுக்குக் கீழே சார்ஜ் கிடைத்தால்தான் ஹைபிரிட்டை அடிக்க முடியும். வாடகைக்கு எடுத்த வண்டி என்றால் சாலை வரி நிறுவனத்தின் தலையில். எல்லை 61 காசு வரை ஏறும். எங்கள் புளோக்கில் வாடகை கார் ஓட்டும் அண்ணன் ஒருவர் சொன்னது இதைவிட முக்கியம் என்று எனக்குப் படுகிறது: "தம்பி, காசக்கூட விடு. மாலை பீக் நேரத்துல சார்ஜருக்குக் காத்திருந்தா ரெண்டு சவாரி போயிடும்." அந்தச் சவாரிகளின் வருமானத்தையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். சார்ஜ் போடும் நேரத்தைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக்கொள்ள முடிகிற ஓட்டுநருக்கு அந்தச் செலவு இல்லை.

படி 11: வாங்கும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்

ஓட்டும் செலவில் சில நூறு வெள்ளியைத் தேடித் தேடி மிச்சம் பிடித்துவிட்டு, ஆண்டுத் தேய்மானத்தில் ஆயிரத்துக்கு மேல் விட்டுவிடக்கூடாது. சிங்கப்பூரில் காரின் மிகப் பெரிய செலவு தேய்மானம்தான். காருக்குக் கொடுக்கும் முழு விலையிலிருந்து, பத்தாண்டு முடிவில் பதிவு நீக்கும்போது கைக்கு வரும் தொகையைக் கழித்துப் பத்தால் வகுங்கள். இரண்டு கார்களுக்கும் இதைச் செய்து, ஆறாவது படி எண்ணோடு கூட்டுங்கள்.

மின்சாரக் காருக்கான தள்ளுபடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2025-ல் அரசாங்கத்தின் இரண்டு தள்ளுபடித் திட்டங்கள் சேர்ந்து 40,000 வெள்ளி வரை கிடைத்தது. 2026-ல் அது 30,000 வரை. அதில் 7,500 வெள்ளி வரை தரும் ஆரம்பகால ஊக்கத்தொகை 2027 ஜனவரி 1 முதல் இல்லை. அதனால் பழைய விலைப்பட்டியலையோ சொந்தக்காரர் போன வருடம் வாங்கிய விலையையோ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தள்ளுபடி பெற்ற காருக்குக் கட்டிய பதிவுக் கட்டணம் குறைவு. பின்னால் அதன் அடிப்படையில் திரும்பக் கிடைக்கும் தொகையும் குறைவு. எவ்வளவு வரும் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

படி 12: கையெழுத்துப் போடும் முன்

வார நாள் ஒன்றில், இரவு ஒன்பது மணிக்கு மேல் உங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்து போங்கள். எத்தனை சார்ஜர்கள், எத்தனையில் வண்டி நிற்கிறது, அவற்றில் எத்தனை உண்மையிலேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது ஒன்று பழுதாகிக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். நிறுவனத்தின் செயலியை இறக்கி, அந்தக் குறிப்பிட்ட சார்ஜரின் விலையையும் காத்திருப்புக் கட்டண விதியையும் படியுங்கள். வேறொரு இரவும் போய்ப் பாருங்கள். இரண்டு முறையும் இடம் காலியாக இருந்தால் வீவக விலையைக் கணக்கில் போடலாம். இரண்டு முறையும் நிரம்பியிருந்தால், அதிவேக சார்ஜரின் விலையைப் போட்டு ஆறாவது படியை மறுபடியும் செய்யுங்கள்.